கணக்கறிக்கையில் தெரியும் பெயர்

பகல் இரண்டு மணிக்கெல்லாம் மலையிலிருந்து பனி இறங்கிவிடும். இறங்கினால் தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்குள் சலித்து, நிறுத்து, பையில் போட்டு வாயை ஒட்டிவிட வேண்டும். அதனால் கிருஷாந்தி காலையில் வீட்டு வேலையை முடித்த கையோடு வரிசை வீடுகளான லயத்தில் தன் காம்பரா அறையின் கதவை அரைவாசி சாத்திவிட்டு, தரையில் பாயை விரித்து, சல்லடையோடு உட்கார்ந்துவிடுவாள். தூசி தனியாக, தூள் தனியாக விழும். மெழுகுக் காகிதப் பைகளில் கோல்ட் ஹில் என்ற லேபலை ஒட்டியிருப்பாள். பையின் வாயை ஒட்டும் சின்ன மெஷின் கரண்டில் சூடாகி, ஒவ்வொரு பைக்கும் ஒரு தடவை சீறும்.

கொழும்புப் பக்கம் தெஹிவளையிலிருந்து ஒரு டீச்சரின் அழைப்பு வந்தபோது பதினோரு பைகள் முடிந்திருந்தன. பெக்கட்டில் போட்டிருப்பது கிருஷாந்தியின் நம்பர்தான். டீச்சர் தன் பெயரை ஸஹ்லா என்று சொன்னார்.

“கோல்ட் ஹில் தேயிலை உங்கட தானே?”

“ஆமாங்க.”

“தேயிலை நல்லம். அதில பிரச்சின இல்ல. பேங்க் ஸ்டேட்மென்ட்ல கோல்ட் ஹில் எண்டு ஒண்டும் வரல்ல. பொன்னையா முத்துலிங்கம் எண்டு ஒரு ஆள்ட பேர் வந்திருக்கு. எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாதே. யாரோ என்ட கார்ட களவா பாவிச்சிட்டாங்க எண்டு நெனச்சு பேங்க்குக்கு அறிவிச்சிட்டேன். யாரு அது?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

“ஓ. அப்ப அவருக்கிட்ட குடுங்களேன். அந்தப் பேர மாத்தச் சொல்லணும். எல்லாரும் என்னைப் போலத்தான் பயப்படுவாங்க.”

“அவரு இல்லீங்க.”

“எப்ப வருவார்?”

“தெரியாதுங்க” என்றாள் கிருஷாந்தி.

அந்தச் சொல் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. நான்கு மாதங்களாகப் பொலிஸுக்கும், கிராம சேவகருக்கும், கெமராவோடு வந்தவர்களுக்கும், கினிகத்தேனையிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போன சொந்தக்காரர்களுக்கும் அதையே சொல்லியிருந்தாள். சொல்லும்போது நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. டீச்சர், பரவாயில்லை, பேங்க்கில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். கிருஷாந்தி பன்னிரண்டாவது பையை எடுத்தாள்.

அவளுடைய புருஷன் முத்துலிங்கம் ஓட்டோ ஓட்டினான். நுவரெலியாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நீர்வீழ்ச்சி, தோட்டம் என்று சுற்றிக் காட்டுவான். போகிற வழியில் நல்ல தேயிலை எங்கே வாங்கலாம் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பக்டரியில் முறைப்படி தூள் எடுத்து, வீட்டில் பெக்கட் பண்ணி விற்கத் தொடங்கினான். தங்கள் நாட்டுக்குத் திரும்பியவர்கள் அங்கிருந்தும் கேட்டார்கள். பிறகு கொழும்புக்காரர்களும் கேட்டார்கள். கிருஷாந்தி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது.

கார்டில் பணம் வாங்குவதற்கு ராகலை டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் இக்ராம்தான் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கறிக்கையில் தெரிய வேண்டிய பெயர். பணம் யாருக்குப் போகிறது என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்து முத்துலிங்கம் தன் முழுப்பெயரைச் சொன்னான். தகப்பன் பெயரையும் சேர்த்தே அடிக்கச் சொன்னான்.

அதில் அவனுடைய தகப்பன் பொன்னையாவுக்கு ஒரு பெருமை. முப்பத்தாறு வருஷம் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர் அவர். தோட்டத்தில் இன்னொரு பொன்னையா இருந்ததால் சம்பளப் பேரேடான செக்ரோலில் இவர் பெயர் ‘பொன்னையா ரெண்டு’ என்றே கிடந்தது. காலையில் ஆளெண்ணும் பெரட்டில் கூப்பிடுவதும் அப்படித்தான். லண்டன் பேங்க்கிலேயும் உங்கள் பேர் போகிறது அப்பா என்று மகன் சொன்னதை அவர் லயம் முழுக்கச் சொல்லி முடித்தார்.

முத்துலிங்கம் இருந்தவரை அந்தப் பெயரால் ஒரு தொந்தரவும் வரவில்லை. வாங்கியவர்கள் பாதிப் பேர் அவனுடைய ஓட்டோவில் வந்தவர்கள். மற்றவர்களுக்கு, பேங்க்கில் என் பெயர் வரும், பயப்பட வேண்டாம் என்று அவனே ஒரு மெசேஜ் போட்டுவிடுவான். இப்போது அந்த மெசேஜை அனுப்ப ஆளில்லை. அப்படி ஒரு மெசேஜ் போய்க்கொண்டிருந்ததே கிருஷாந்திக்குத் தெரியாது.

போன நவம்பரில் மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் கீழேயிருந்த பணிய லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களை ஸ்கூலுக்கு ஏற்ற முத்துலிங்கம் ஓட்டோவைக் கொண்டுபோனான். இரண்டு தடவை ஏற்றி இறக்கினான். மூன்றாம் தடவை போனபோது பதினோரு மணி இருக்கும். மலை வந்துவிட்டது. ஆர்மிக்காரர்கள் பன்னிரண்டு நாள் தோண்டினார்கள். ஓட்டோ கிடைத்தது. ஏழு பேர் கிடைத்தார்கள். முத்துலிங்கம் கிடைக்கவில்லை.

ஆர்மி போன பிறகு பொன்னையா மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தினமும் போனார். அந்தச் சரிவில் ஒரு கிழவர் மம்பட்டியால் கிளறுவது மலையைக் கரண்டியால் அள்ளுவதுபோல இருந்தது. தோட்ட நிர்வாகத்திலிருந்து வந்து கயிறு கட்டி, உள்ளே போகக்கூடாது என்றார்கள். அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கிளறினார்.

மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம், தகப்பனும் மனைவியும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கிராம சேவகர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். நிவாரணத்துக்கும் அது வேண்டுமாம். ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பொன்னையா சொல்லிவிட்டார். கிருஷாந்தி போடுவோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆர்டர் வந்தது, பெக்கட் பண்ணினாள். அரிசி வாங்கினாள். கழுத்தில் தாலி கிடந்தது. அவள் அழாததைப் பற்றித் தண்ணி பிடிக்கும் பீலியடியில் பெண்கள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

டீச்சர் பேசிய அடுத்த கிழமை இக்ராம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்தப் பெயரைத் தெரியாது என்று நான்கு பேர் தங்கள் பேங்க்கில் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். இரண்டு கிழமைக்குள் வாங்குகிறவர்களுக்கு விளங்குகிற பெயராக மாற்றாவிட்டால் கார்டில் பணம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மாற்றிவிடுங்களேன் என்றாள் கிருஷாந்தி. அங்கேதான் சிக்கல் என்றார் இக்ராம். கணக்குக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் மாற்றலாம். மாற்றும்போது அவருடைய போனுக்கு ஒரு இலக்கம் வரும். போன் மண்ணுக்குள் இருந்தது.

கார்ட் வியாபாரம் நின்றால் தேயிலை நின்றுவிடும். தேயிலை நின்றால் அவள் திரும்பவும் கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டும். அதுவும் அவளுக்குப் பயமாக இல்லை. கூடையின் கயிறு தலையில் அழுத்துவதை நினைத்துப் பார்த்தாள். அழுத்தட்டும் என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கொழுந்தன் ஜீவராஜ் கொழும்பிலிருந்து வந்தான். புடவைக்கடையில் வேலை. கடிதத்தைப் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, அண்ணன் மாதிரி நானே பேசுகிறேன் என்றான். அண்ணனுக்கும் தம்பிக்கும் முகம் வேறு, குரல் ஒன்று. கல்யாணமான புதிதில் போனில் அவன் பேசும்போது கிருஷாந்தியே ஏமாந்திருக்கிறாள். போன் தொலைந்துவிட்டது, நம்பரை மாற்ற வேண்டும் என்று சொல்லி, கேட்கிற விவரத்தையெல்லாம் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றான். பொய்தானே என்று அவள் கேட்டாள். யாருடைய காசையும் எடுக்கவில்லையே அண்ணி என்றான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவன் கம்பெனிக்குப் பேசினான். லயத்தில் சிக்னல் கிடைப்பது முன்வாசல் இஸ்தோப்பின் ஓரத்தில்தான். போனை அரைச்சுவரில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு நின்றான். கிருஷாந்தி உள்ளே அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பொன்னையா விடியற்காலையிலேயே சரிவுக்குப் போயிருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் தமிழில் பேசினாள். சின்ன வயசுக்காரிபோல இருந்தது. முழுப்பெயரைக் கேட்டாள்.

“பொன்னையா முத்துலிங்கம்.”

அடையாள அட்டை இலக்கம் கேட்டாள். சொன்னான். பிறந்த திகதி கேட்டாள். சொன்னான். பேசப் பேச அவனுடைய பயம் போய், குரல் சரளமாக வந்தது.

“விண்ணப்பத்தில ரெண்டாவது தொடர்புக்கு யாரோட பேர் குடுத்திருக்கீங்க சேர்?”

“கிருஷாந்தி. என்னோட மனைவி.”

தாச்சியில் ரொட்டியைத் திருப்பப் போன கை நின்றுவிட்டது. வெளியே நிற்பது ஜீவராஜ் என்று அவளுக்குத் தெரியும். நீல சேர்ட் போட்டிருக்கிறான், இப்போதுதான் சாயத்தண்ணி குடித்தான். எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் அவள் பெயரைச் சொன்னதும் கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டன. பிறகு நின்றுகொண்டன.

வாசல் படியில் பொன்னையா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. தோளிலிருந்த மம்பட்டி கல்லில் விழுந்த சத்தத்தில்தான் ஜீவராஜ் திரும்பினான். கிழவரின் வாய் திறந்திருந்தது. அவர் முதலில் பார்த்தது ஜீவராஜை அல்ல. அவனுக்குப் பின்னால், காம்பராவுக்குள் பார்த்தார். அங்கே கிருஷாந்தி மட்டும் நின்றாள். பிறகுதான் சின்ன மகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜீவராஜுக்கு முகம் செத்துவிட்டது.

“சேர், லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

பொன்னையா படியேறி வந்தார். போனைக் கையில் எடுக்கவில்லை. அரைச்சுவர்மேல் குனிந்து, தூரத்து ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் பேசினார்.

“அம்மா, நான் பொன்னையா பேசுறேன். அந்தப் பேர்ல மொதல்ல இருக்கிறது என்னோட பேரு. இப்ப பேசுனவன் என் சின்ன மகன். தப்புத்தான், மன்னிச்சுக்கங்க. முத்துலிங்கம் மண்ணுக்குள்ள இருக்கான். நவம்பர்லேருந்து மண்ணுக்குள்ள இருக்கான்.”

அந்தப் பெண் வைத்துவிட்டாளோ என்று ஜீவராஜ் குனிந்து பார்த்தான். வைக்கவில்லை.

“சொறி ஐயா” என்றாள் அந்தப் பெண். “எனக்குத் தெரியாது.”

அவள் கோபிக்கவில்லை. யாராவது எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கிருஷாந்தி ஆர்டர் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இறந்தவருடைய கணக்கில் பெயரை மாற்ற முடியாது, மரணச் சான்றிதழைக் கொடுத்து அதை மூட வேண்டும், மனைவி பெயரில் வியாபாரத்தைப் பதிந்து புதிதாக ஒன்று திறக்க வேண்டும் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். கிருஷாந்தி எழுதிக்கொண்டாள். கூடுதலாக ஒரு மாதம் தவணை கொடுக்கும்படி தான் குறிப்பெழுதி வைப்பதாகவும் அவள் சொன்னாள்.

போனை வைத்த பிறகு மூன்று பேரும் இஸ்தோப்பிலேயே நின்றார்கள். ஜீவராஜ் தகப்பன் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பொன்னையா அவன் தலையில் கையை வைத்தார்.

“அவன் வந்துட்டான்னு நெனச்சேன்டா” என்றார். “படியில நிக்கிறப்ப, அவ்வளவு நேரமும் அவன்தான்னு நெனச்சேன். இனிமே அவன் பேர்ல யாரும் பேசக்கூடாது.”

பிறகு மருமகளைப் பார்த்தார்.

“நான் கையெழுத்துப் போடுறேன். நீ என்னா தாயி சொல்ற?”

“ரொட்டி கருகிப்போச்சு மாமா” என்றாள் கிருஷாந்தி. “வேற சுடுறேன்.”

வேறு சுட்டாள். கொச்சிக்காய் வைத்துச் சம்பல் அரைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பொன்னையா கல்லில் கிடந்த மம்பட்டியை எடுத்துப் பீலித் தண்ணீரில் கழுவி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதன் பிறகு அவர் சரிவுக்குப் போகவில்லை.

சான்றிதழுக்கு மூன்று இடம் போக வேண்டியிருந்தது. பொலிஸில் முறைப்பாட்டின் பிரதி வாங்கினார்கள். கிராம சேவகர் தன் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். கடைசியாகப் பிரதேச செயலகத்தில் மர வாங்கில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் பிறந்த பிள்ளைக்குப் பதிவு வைக்க வந்திருந்தது. பிள்ளை கிருஷாந்தியின் சேலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விட்டுவிட்டாள்.

மேசையிலிருந்த சிங்களப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டு எழுதினாள். இறந்த திகதி, இடம், காரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிருஷாந்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எத்தனை மணிக்கு என்றும் கேட்டாள். பதினோரு மணி என்றாள். தன் கையெழுத்தையும் போட்டாள். பொன்னையா கையெழுத்தைத் தமிழில், எழுத்தெழுத்தாக, புள்ளியெல்லாம் வைத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனையை மூடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணே எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துச் சான்றிதழ் கைக்கு வந்தபோது கிருஷாந்தி எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிழையானாலும் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இக்ராம் சொல்லியிருந்தார். எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. மடிக்காமல் பைலுக்குள் வைத்தாள். வெளியே லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றது. காற்று அடித்து முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாபாரம் அவள் பெயருக்குப் பதிவாகிச் சித்திரை நடுவில் பத்திரம் வந்தது. இக்ராமின் கடைக்கு அவளும் பொன்னையாவும் போனார்கள். வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. இக்ராம் கொம்பியூட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார். அவளுடைய பெயர், அடையாள அட்டை, விலாசம், பேங்க். அந்தக் கட்டம் வந்ததும் நிறுத்தினார்.

“தங்கச்சி, இதுதான் அந்த இடம். ஆக்கள்ட பேங்க் ஸ்டேட்மென்ட்ல என்னா பேரு தெரியணும்? இங்கிலீஷ்ல இருபத்திரண்டு எழுத்துக்குள்ள வரணும். இடைவெளியும் கணக்கு.”

கிருஷாந்தி வாயைத் திறக்குமுன் பொன்னையா கேட்டார்.

“கடைசியிலயாவது அவன் பேர வைக்க ஏலாதா தம்பி? என் பேரு வேணாம். அவன் பேரு மட்டும்.”

இக்ராம் விரலால் மேசையில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். “எடம் இருக்கு அய்யா. வைக்கலாம். ஆனா வாங்குறவங்களுக்கு அவர யாருன்னு தெரியாதே. திரும்பவும் பேங்க்குக்குத்தான் போவாங்க.” அவருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. முத்துலிங்கத்தின் சிநேகிதர் அவர். கிருஷாந்தியைப் பார்த்தார்.

“பெக்கட்ல இருக்க பேரையே போடுங்க இக்ராம் நானா” என்றாள் அவள். “ராகலைன்னும் சேர்த்துக்கங்க. எந்த ஊர்ன்னு தெரியும்.”

பிறகு மாமனாரிடம் திரும்பி, “அவரு பேரு போட வேண்டிய எடத்துல போட்டாச்சு மாமா” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். பொன்னையா தலையாட்டினார். இக்ராம் அடித்தார்: கோல்ட் ஹில் டீ ராகலை. இருபது எழுத்து வந்தது.

கம்பெனியின் அனுமதி வர நான்கு நாளானது. வந்த அன்று சரிபார்ப்பதற்காக இக்ராம் இருவரையும் திரும்பக் கூப்பிட்டார். தன்னுடைய கார்டாலேயே ஒரு பெக்கட் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பேங்க்கிலிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்து, போனை அவர்கள் பக்கம் நீட்டினார். பொன்னையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் போனை வாங்கிப் பார்த்தார். கிருஷாந்தி எழுத்துகளைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். இக்ராம் பெக்கட்டை வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரி அசீசா கொடுத்தனுப்பிய வட்டிலப்ப இனிப்பைக் கொடுத்தார்.

தோட்டத்துக்குப் போகிற பஸ் போய்விட்டிருந்தது. பெரிய ரோட்டில் ஒரு மைல்கட்டைத் தூரம் நடந்து, பிறகு தோட்டத்து ரோட்டில் ஏற வேண்டும். பொன்னையா பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு பக்கம் கரட் பாத்திகள், மறுபக்கம் பள்ளம். தூரத்தில் யாரோ மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

பாலத்தைக் கடக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கிருஷாந்தி பாலத்தோரச் சுவர்க்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். கால் வலிக்கிறதா தாயி என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அவளுடைய தோள்கள் ஆடுவது தெரிந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தலைப்பு கையிலிருந்து நழுவியது. சத்தம் வந்தது. கூப்பிடுகிற மாதிரி, பேரில்லாத சத்தம். எதைப் பார்த்து அழுகை வந்தது என்று பிற்பாடு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான் என்றாள்.

நுவரெலியாவுக்குப் போகிற பஸ் ஒன்று வளைவில் வந்தது. ரோட்டோரத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். பாட்டுச் சத்தத்தோடு கதவு திறந்தது. கொண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஏறுங்க, ஏறுங்க என்றான். பிறகு அவளைப் பார்த்தான். ஜன்னல்களில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

“என்னாங்க அய்யா, அவங்களுக்குச் சொகமில்லையா? ஆஸ்பத்திரிக்கா?”

“இல்ல தம்பி” என்றார் பொன்னையா. “எங்க வீட்டில ஒரு சாவு. நீங்க போங்க.”

கொண்டக்டர் கையைத் தூக்கி டிரைவருக்கு என்னவோ காட்டினான். பாட்டு நின்றது. பஸ் மெதுவாக, சத்தம் போடாமல் புறப்பட்டு, வளைவில் திரும்பிப் போனது.

பொன்னையா பைலைக் கட்டின்மேல் வைத்துவிட்டு மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்க நேரமெடுத்தது. அதுவரை உட்கார்ந்திருந்தார்.